ஸ்கிரிப்டை கில் செய்தும் அது கிளப்பிய வேலைகள் ஏன் நிற்பதில்லை? புராசஸ் குரூப், சிக்னல் பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான். லினக்ஸ் சர்வரில் ஒரு பேக்கப் ஸ்கிரிப்ட் ஓடுகிறது. உள்ளே டார் (கோப்புகளைக் கட்டுவது), ஜிஜிப் (சுருக்குவது), எஸ்எஸ்எச் (வேறு சர்வருக்கு அனுப்புவது) மூன்றும் பைப்பால், அதாவது ஒன்றின் வெளியீடு அடுத்ததன் உள்ளீடாகும்படி, கோத்திருக்கின்றன. ஓட்டிய டெர்மினலிலேயே கன்ட்ரோல்-சி அழுத்தினால் எல்லாம் ஒரே நேரத்தில் நிற்கின்றன. இன்னொரு டெர்மினலிலிருந்து ஸ்கிரிப்டின் எண்ணைப் பார்த்து கில் அடித்தால் ஸ்கிரிப்ட் மட்டும் போகிறது. டாரும் ஜிஜிப்பும் டிஸ்க்கை வாசித்துக்கொண்டே இருக்கின்றன. ஏன் இப்படி, மொத்தமாக நிறுத்துவது எப்படி?

நீங்கள் அடித்த கில் (சிக்னல் அனுப்பும் கட்டளை) ஓர் எண்ணுக்குப் போனது, கன்ட்ரோல்-சி ஒரு குழுவுக்குப் போனது. வேறுபாடு அவ்வளவுதான். யூனிக்ஸில் சிக்னல் (ஓடும் நிரலான புராசஸுக்குப் போகும் சிறு அறிவிப்பு) தாய் புராசஸிடமிருந்து அது கிளப்பிய பிள்ளைக்குத் தானாக இறங்குவதில்லை. தாய் புராசஸ் செத்தால் பிள்ளைகளுக்கு எதுவும் ஆகாது. அவற்றின் தாய் எண் 1-க்கு, அல்லது சப்ரீப்பர் என்று தன்னை அறிவித்துக்கொண்ட மேல்நிலை புராசஸுக்கு, மாறும். ஓட்டம் தொடரும். ஆகவே எந்தெந்த புராசஸ்கள் சேர்ந்து சாக வேண்டும் என்பதை நிறுத்தும்போது யோசித்தால் தாமதம். கிளப்பும்போதே அவற்றை ஒரு குழுவில் போட்டிருக்க வேண்டும். கீழே வரும் எல்லாமே இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

(கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான எழுத்தில் அடியுங்கள்.)

முதலில் நிலைமையைக் கண்ணால் பாருங்கள்:

பிஎஸ் -இ -ஓ பிஐடி,பிபிஐடி,பிஜிஐடி,எஸ்ஐடி,டிபிஜிஐடி,காம்

ஸ்கிரிப்ட் ஓடும்போது ஏறக்குறைய இப்படி வரும்:

பிஐடி | பிபிஐடி | பிஜிஐடி | எஸ்ஐடி | டிபிஜிஐடி | காம்
2100 | 2099 | 2100 | 2100 | 4210 | பேஷ்
4210 | 2100 | 4210 | 2100 | 4210 | பேக்கப்.எஸ்எச்
4211 | 4210 | 4210 | 2100 | 4210 | டார்
4212 | 4210 | 4210 | 2100 | 4210 | ஜிஜிப்
4213 | 4210 | 4210 | 2100 | 4210 | எஸ்எஸ்எச்

பிஐடி புராசஸின் சொந்த எண், பிபிஐடி தாயின் எண். பலரும் இந்த இரண்டோடு நின்றுவிடுகிறார்கள். அடுத்த மூன்றில்தான் விஷயம் இருக்கிறது. பிஜிஐடி என்பது குழு எண். குழுவைத் தொடங்கிய புராசஸின் எண்ணே குழுவின் எண்ணாகிறது, அந்த புராசஸைக் குழுத்தலைவர் என்கிறோம். தலைவர் செத்தாலும் ஒரே ஓர் உறுப்பினர் இருக்கும்வரை குழு அதே எண்ணோடு இருக்கும். அதுவரை கெர்னல் (இயங்குதளத்தின் மையம்) அந்த எண்ணைப் புதிய புராசஸ் எதற்கும் கொடுக்காது. உங்கள் சிக்கலுக்கு இது மிக முக்கியம்: ஸ்கிரிப்டைக் கொன்ற பிறகும் 4210 என்ற குழு உயிரோடு இருக்கிறது. மிச்சத்தை இப்போதுகூட அந்த எண்ணைச் சொல்லியே பிடிக்கலாம்.

எஸ்ஐடி செஷன் எண்; செஷன் என்பது பொதுவாக ஒரு டெர்மினலில் தொடங்கிய குழுக்களின் தொகுப்பு. ஒரு செஷனில் பல குழுக்கள் இருக்கலாம், ஒரு குழு இரண்டு செஷன்களில் இருக்க முடியாது. டிபிஜிஐடி என்பது அந்த டெர்மினலில் இப்போது ஃபோர்கிரவுண்டில், அதாவது கீபோர்டின் முன்னால், உள்ள குழு. டெர்மினல் இல்லாத புராசஸுக்கு அங்கே -1 காட்டும்.

கன்ட்ரோல்-சி அழுத்தும்போது அந்தச் சாவியை ஷெல்லும் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் பேஷ் போன்ற நிரல்) வாசிப்பதில்லை, உங்கள் நிரலும் வாசிப்பதில்லை. கெர்னலுக்குள் இருக்கும் டெர்மினல் டிரைவர் அதைப் பிடித்து, ஃபோர்கிரவுண்ட் குழு 4210-இல் உள்ள ஒவ்வொரு புராசஸுக்கும் சிக்இன்ட் (குறுக்கிடும் சிக்னல், சுருக்கமாக இன்ட்) அனுப்புகிறது. ஸ்கிரிப்டுக்கும் போகிறது, டாருக்கும் போகிறது. கன்ட்ரோல்-பின்சாய்கோடு சிக்குவிட், கன்ட்ரோல்-இசட் சிக்டிஎஸ்டிபி, வழி ஒன்றே. எந்தச் சாவிக்கு எது என்பதை ‘எஸ்டிடிஒய் -ஏ’ காட்டும். ஷெல்லின் பங்கு முன்கூட்டியே முடிந்துவிட்டது: நீங்கள் என்டர் தட்டியதும் அந்த வரியிலுள்ள பைப்லைன் முழுவதையும் புதுக் குழுவில் போட்டு, டெர்மினலிடம் ‘இனி இந்தக் குழுதான் ஃபோர்கிரவுண்ட்’ என்று சொல்லிவிட்டது.

இந்த ஏற்பாடு வந்த வழியையும் சொல்லிவிடலாம். ஜாப் கன்ட்ரோலை (வேலைகளைக் குழுவாக்கி நிறுத்தவும் தொடரவும் உதவும் இந்த வசதியை) முதலில் சி ஷெல்லில் செய்தவர் ஆஸ்திரியாவின் லாக்சன்பர்க்கில் உள்ள ஐஐஏஎஸ்ஏ நிறுவனத்தின் ஜிம் கல்ப். 1980-இல் வந்த 4பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்பில் அது இருந்தது. செஷன் என்ற கருத்தை 1988-இல் போசிக்ஸ் என்ற யூனிக்ஸ் தரநிலை முறைப்படுத்தியது. ஒரு மனிதர், ஒரு கீபோர்டு, ஒரே திரையில் பல வேலைகள் என்ற தேவைக்காகப் பிறந்த ஏற்பாடு இது. சர்வரில் யாரும் பார்க்காமல் ஓடும் ஸ்கிரிப்டுக்கு அது அப்படியே பொருந்தாமல் இடறும் இடங்கள் பெரும்பாலும் இந்தப் பிறப்பிலிருந்து வருபவை.

இனி கில். அந்த சிஸ்டம் காலுக்கு, அதாவது கெர்னலிடம் வைக்கும் கோரிக்கைக்கு, கொடுக்கும் எண் நான்கு வகை. நேர்மறை எண் என்றால் அந்த ஒரு புராசஸ். 0 என்றால் அனுப்புபவரின் சொந்தக் குழு முழுவதும், அனுப்புபவர் உட்பட. -1 என்றால் அனுப்ப அனுமதியுள்ள எல்லா புராசஸும் (லினக்ஸில் 1-ஆம் எண்ணும் அனுப்புபவரும் தவிர). அதற்கும் கீழான எதிர்மறை எண் என்றால், குறியை நீக்கி வரும் எண்ணைக் கொண்ட குழு. ஆக உங்களுக்கு வேண்டியது (டெர்ம் என்பது முடித்துக்கொள்ளச் சொல்லும் சிக்னல்):

கில் -எஸ் டெர்ம் -- -4210

நடுவிலுள்ள இரட்டைக் கோட்டை விடாதீர்கள். ‘கில் -4210’ என்று மட்டும் அடித்தால் 4210 என்பதை சிக்னல் எண்ணாக எடுத்துக்கொண்டு, அப்படி ஒரு சிக்னல் இல்லை என்று பேஷ் மறுக்கும். சிக்னல் பெயரை முன்னால் கொடுத்தால் பேஷில் இரட்டைக் கோடு இல்லாமலும் நடக்கும். எல்லா ஷெல்லிலும் நம்பக்கூடியது மேலே உள்ள வடிவம். ‘பிகில் -ஜி 4210’ என்பதும் இதே வேலையைச் செய்யும். ‘பிகில் -பி 4210’ இதற்கு மாற்று என்று சிலர் சொல்வார்கள், அது சரியில்லை. பெரிய பி நேரடிப் பிள்ளைகளை மட்டும் பிடிக்கும், பேரப்பிள்ளைகள் தப்பிவிடும்.

-1-ஐப் பற்றி ஓர் எச்சரிக்கை. ‘கில் -9 -1’ என்பதை ரூட்டாக (நிர்வாகியாக) அடித்தால் அந்தக் கணினியில் ஓடும் ஏறக்குறைய எல்லாமே போய்விடும். கையால் அடிப்பதைவிட நிரலுக்குள் நடப்பதுதான் அதிகம். சி மொழியில் ஃபோர்க் (பிள்ளை புராசஸை உண்டாக்கும் அழைப்பு) தோற்றால் -1 திரும்பும். அதைச் சோதிக்காமல் சேமித்துவைத்து, பின்னால் அதே மாறியை கில்லுக்குக் கொடுத்தால் அந்தப் பயனரின் எல்லா புராசஸும் சிக்னல் வாங்கும். ஷெல் ஸ்கிரிப்டில் குழு எண்ணுள்ள மாறியில் தவறுதலாக 1 இருந்தால், முன்னால் நீங்கள் போடும் கழித்தல் குறி அதை -1 ஆக்கிவிடும். 0 இருந்தால் உங்கள் சொந்தக் குழுவே அடிபடும். எதிர்மறை எண்ணை அனுப்பும் முன் மாறி 1-ஐவிடப் பெரிய முழு எண்தானா என்று ஒரு வரி சோதனை போடுவது கட்டாயம் என்றே நான் சொல்வேன்.

சிக்னலை எண்ணால் எழுதுவதையும் தவிர்த்துவிடுங்கள். 1 ஹப், 2 இன்ட், 3 குவிட், 9 கில் (மறுக்க முடியாத கொலை சிக்னல், கில் கட்டளையல்ல), 15 டெர்ம் ஆகியவை எங்கும் ஒன்றே. மற்றவை அப்படியல்ல. சாதாரண பிசி லினக்ஸில் 19 என்பது சிக்ஸ்டாப். மேக்கிலும் பிஎஸ்டி-களிலும் அதே 19 சிக்கன்ட் (நின்றதைத் தொடரச் சொல்வது), அங்கே ஸ்டாப் 17. ஒரே வரி ஒரு கணினியில் வேலையை நிறுத்தி வைக்கும், இன்னொன்றில் கிளப்பிவிடும். சிக்யூஎஸ்ஆர்1 லினக்ஸில் 10, மேக்கில் 30. மேக்கில் 10 சிக்பஸ், அதாவது நிரலைக் கொல்லும்.

குழுவுக்கு அனுப்பிய கில் 0 என்று திரும்பினால் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது என்று பொருளல்ல. ஒருவருக்காவது அனுப்ப முடிந்தால் அது வெற்றிதான். குழுவில் ஒரு புராசஸ் சூடோ வழியாக ரூட்டாக ஓடினால், சாதாரணப் பயனரின் கில் அதைத் தொடாமல் சத்தமின்றிக் கடந்து போகும். யாருக்குமே அனுமதி இல்லாதபோதுதான் இபெர்ம் பிழை வரும். குழுவே இல்லையென்றால் இஎஸ்ஆர்சிஎச்.

கையால் நிறுத்துவது இவ்வளவுதான். ஸ்கிரிப்டுக்குள் வரும்போதுதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது.

ஊடாடும் ஷெல் ஒவ்வொரு பைப்லைனுக்கும் தனிக் குழு போடுகிறது. ஸ்கிரிப்டை ஓட்டும் ஷெல் அப்படிச் செய்வதில்லை, ஏனென்றால் அங்கே ஜாப் கன்ட்ரோல் அணைந்திருக்கிறது. ஸ்கிரிப்டும் அது கிளப்பும் எல்லாமும் ஒரே குழுவில் கிடக்கும். மேலே உள்ள பட்டியலில் எல்லோருக்கும் 4210 இருந்தது இதனால்தான். இத்தோடு இன்னொரு விதி உண்டு: ஜாப் கன்ட்ரோல் இல்லாத ஷெல்லில், பின்னணியில் ஓட்டச் சொல்லும் & போட்டுக் கிளப்பிய கட்டளைக்கு சிக்இன்ட்டும் சிக்குவிட்டும் ‘கண்டுகொள்ளாதே’ என்று வைக்கப்படும், உள்ளீடு டெவ்-நல் என்ற வெற்றுக் கோப்புக்குத் திருப்பப்படும். போசிக்ஸே இதைக் கேட்கிறது. விளைவு: ஸ்கிரிப்டுக்குள் & போட்டு மூன்று வேலைகளைக் கிளப்பி, கடைசியில் வெயிட் (அவை முடியக் காத்திருக்கும் கட்டளை) போட்டு, கன்ட்ரோல்-சி அழுத்தினால் ஸ்கிரிப்ட் சாகும், மூன்று வேலைகளும் ஓடும். சிக்னல் அவற்றுக்குப் போகத்தான் செய்தது, அவை காதில் வாங்கவில்லை. உள்ளே ஓடுவது இன்னொரு ஷெல் ஸ்கிரிப்ட் என்றால் அதில் ட்ராப் (சிக்னல் வந்தால் செய்ய வேண்டியதைச் சொல்லும் கட்டளை) போட்டும் பயனில்லை. ஷெல் தொடங்கும்போதே கண்டுகொள்ளாமல் வைக்கப்பட்ட சிக்னலுக்கு அதற்குள் ட்ராப் வைக்க முடியாது. டெர்முக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே ஸ்கிரிப்ட் இன்ட்டை வாங்கிப் பிள்ளைகளுக்கு டெர்மாக மாற்றி அனுப்ப வேண்டும்:

ட்ராப் 'ட்ராப் - டெர்ம்; கில் 0' இன்ட் டெர்ம்
டார் -சிஎஃப் - /சர்வ் | ஜிஜிப் | எஸ்எஸ்எச் சேமிப்பகம் 'கேட் > சர்வ்.டார்.ஜிஇசட்' &
வெயிட் $!

மூன்று வரிதான், ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. $! என்பது கடைசியாகப் பின்னணியில் கிளப்பிய புராசஸின் எண். ‘கில் 0’ சொந்தக் குழு முழுவதற்கும் டெர்ம் அனுப்புகிறது. ஸ்கிரிப்டும் அதே குழுவில் இருப்பதால் அதற்கும் வரும். ‘ட்ராப் - டெர்ம்’ முன்னால் இல்லாவிட்டால் அந்த டெர்ம் மறுபடி அதே ட்ராப்பைக் கிளப்பும், சுற்றிச் சுற்றி வரும். பைப்லைனை & போட்டு ஓட்டி வெயிட் செய்வது ஏன் என்றால், ஃபோர்கிரவுண்ட் கட்டளை ஒன்றுக்காகக் காத்திருக்கும் பேஷ், அது முடிந்த பிறகே ட்ராப்பை நிறைவேற்றும். டார் 2 மணி நேரம் ஓடினால் உங்கள் டெர்ம் அந்த 2 மணி நேரமும் வாசலில் நிற்கும். வெயிட் மட்டும் ட்ராப் வைத்த சிக்னல் வந்ததும் உடனே திரும்பிவிடும். ட்ராப் போட்ட பிறகு ஸ்கிரிப்ட் டெர்முக்குக் கட்டுப்படவே இல்லை என்று புலம்பல் வந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இதே ட்ராப்பில் எக்ஸிட்டையும் சேர்த்து எழுதும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதை நான் ஒத்துக்கொள்வதில்லை. வேலை நல்லபடியாக முடிந்து வெளியேறும்போதும் ஸ்கிரிப்ட் தன்னையே டெர்மால் கொன்றுகொள்ளும். வெளியேறும் நிலை 0-க்குப் பதில் 143 ஆகும், அழைத்தவர் தோல்வி என்று எழுதிக்கொள்வார்.

‘கில் 0’-க்கு ஒரு பெரிய ஆபத்து உண்டு. குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பது ஸ்கிரிப்டுக்குத் தெரியாது. டெர்மினலிலிருந்து நேராக ஓட்டினால் குழு அதனுடையது. இன்னொரு ஸ்கிரிப்டோ நிரல் கட்டும் மேக் கட்டளையோ (மேக் கணினி அல்ல) அதை அழைத்தால் அவர்களும் அதே குழுவில்தான் இருப்பார்கள், சேர்ந்து விழுவார்கள். அதனால் குழு பிரிப்பதை அழைப்பவர் செய்வதே ஒழுங்கு:

செட்எஸ்ஐடி ./பேக்கப்.எஸ்எச் &
குழு=$!

பிறகு எப்போது வேண்டுமானாலும்:

கில் -எஸ் டெர்ம் -- "-$குழு"

(மாறியின் பெயரை ஆங்கில எழுத்தில் வையுங்கள், தமிழ்ப் பெயரை ஷெல் ஏற்காது.) செட்எஸ்ஐடி புதுச் செஷனும் புதுக் குழுவும் உண்டாக்குகிறது, டெர்மினல் தொடர்பையும் அறுக்கிறது. இதில் ஒரு நுட்பம் பலரைக் குழப்பும். ஏற்கெனவே குழுத்தலைவராக இருக்கும் புராசஸ் புதுச் செஷன் தொடங்க முடியாது, கெர்னல் இபெர்ம் சொல்லும். ஆகவே செட்எஸ்ஐடி கட்டளை தான் தலைவராக இருப்பதைக் கண்டால், ஃபோர்க் செய்து பிள்ளையில் வேலையை ஓட்டிவிட்டு தான் வெளியேறும். ஸ்கிரிப்டுக்குள் & போட்டால் அது தலைவரல்ல, எனவே ஃபோர்க் இல்லை, $! தரும் எண்ணே குழு எண். டெர்மினலில் கையால் இதே வரியை அடித்தால் ஷெல் அதைத் தலைவராக்கி வைத்திருக்கும், ஃபோர்க் நடக்கும், $! செத்துப்போன எண்ணாக இருக்கும். ஸ்கிரிப்டில் நன்றாக நடப்பது கையால் சோதித்தால் ஏன் நடக்கவில்லை என்பதற்கு விடை இது. இன்னொன்று: & போட்ட அடுத்த நொடிப்பொழுதிலேயே கில் அனுப்பினால், செட்எஸ்ஐடி தன் வேலையைச் செய்திருக்காது, அப்படி ஒரு குழு இல்லை என்று பிழை வரும்.

புதுச் செஷன் வேண்டாம், தனிக் குழு மட்டும் போதும் என்றால் பேஷ் ஸ்கிரிப்டில் ‘செட் -எம்’ போடலாம். ஜாப் கன்ட்ரோல் இயங்கத் தொடங்கும், & போட்ட ஒவ்வொன்றும் தன் சொந்தக் குழு பெறும். அதோடு கன்ட்ரோல்-சி அவற்றை எட்டாமலும் போகும், ஏனென்றால் அவை ஃபோர்கிரவுண்ட் குழுவில் இல்லை. தனிக் குழு போட்டவர் சிக்னலை எடுத்துச் சேர்க்கும் பொறுப்பையும் ஏற்கிறார். இதை மறந்துவிட்டு ‘இப்போது கன்ட்ரோல்-சி வேலை செய்யவில்லையே’ என்று திரும்ப வருபவர்கள் உண்டு.

சி-யில் செட்பிஜிஐடி (குழுவை மாற்றும் அழைப்பு) அழைப்பவர்களுக்கு: தாய், பிள்ளை இரண்டிலும் அழையுங்கள். ஃபோர்க்குக்குப் பிறகு யார் முதலில் ஓடுவார்கள் என்று சொல்ல முடியாது. தாயில் மட்டும் வைத்தால், அதற்குள் பிள்ளை எக்ஸெக் செய்திருந்தால் (தன் இடத்தில் வேறு நிரலை ஏற்றியிருந்தால்) இஆக்சஸ் பிழை வரும். பிள்ளையில் மட்டும் வைத்தால், குழு உருவாகும் முன்பே தாய் அதற்கு சிக்னல் அனுப்பிவிடலாம். இரண்டிலும் வைத்து, தாயிலுள்ள இஆக்சஸைப் பொருட்படுத்தாமல் விடுவதே ஷெல்கள் செய்துவரும் முறை.

பைத்தானில் சப்புராசஸ் தொகுதியைப் பயன்படுத்தும்போது இதே கதை வேறு முகத்தோடு வரும். ஷெல்=ட்ரூ போட்டு ஒரு பைப்லைனை ஓட்டி, நேரம் கடந்ததும் கில் மெத்தடை அழைக்கிறீர்கள். அது ஷெல்லை மட்டும் கொல்லும். உள்ளே ஓடும் நிரல்கள் வெளியீட்டு பைப்பை இன்னும் பிடித்துக்கொண்டிருப்பதால் கம்யூனிகேட் (வெளியீடு முடியும்வரை வாசிக்கும் மெத்தட்) திரும்பாமல் தொங்கும். ஒற்றைக் கட்டளை என்றால் சில சமயம் சரியாக நடப்பது போலத் தோன்றும், காரணம் பல ஷெல்கள் கடைசிக் கட்டளைக்கு ஃபோர்க் செய்யாமல் தாங்களே எக்ஸெக் செய்துவிடுகின்றன. ஒரு பைப் சேர்த்ததும் நிலைமை மாறும். பிஓபனுக்கு ஸ்டார்ட்_நியூ_செஷன்=ட்ரூ கொடுங்கள். நிறுத்தும்போது ஓஎஸ்.கில்பிஜி-க்குப் பிள்ளையின் பிஐடி-யையே கொடுங்கள், தலைவர் அதுதானே. கெட்பிஜிஐடி அழைத்துத் தேடினால், பிள்ளை முடிந்து வெயிட்டும் நடந்திருந்தால் தேடலே பிழையாகும், பேரப்பிள்ளைகள் மட்டும் மிஞ்சியிருக்கும் நேரத்தில் கைவிட்டுவிடும். பைத்தான் 3.11 முதல் புராசஸ்_குரூப்=0 என்றும் கொடுக்கலாம், செஷன் மாறாமல் குழு மட்டும் பிரியும். நோட்.ஜேஎஸ்-இல் டிடாச்டு: ட்ரூ கொடுத்து எதிர்மறை எண்ணோடு புராசஸ்.கில், கோ மொழியில் செட்பிஜிஐடி: ட்ரூ. கருத்து ஒன்றே.

பல நேரங்களில் இவ்வளவும் தேவையில்லை, க்னு டைம்அவுட் போதும்:

டைம்அவுட் -கே 10 2எச் ./பேக்கப்.எஸ்எச்

இது தன்னைப் புதுக் குழுவில் வைத்துக்கொண்டு வேலையை ஓட்டுகிறது. 2 மணி நேரம் கடந்தால் குழு முழுவதற்கும் டெர்ம், இன்னும் 10 விநாடியில் அடங்காவிட்டால் கில். நேரம் கடந்து நிறுத்தியிருந்தால் வெளியேறும் நிலை 124, கில் வரை போயிருந்தால் 137. இதை ஸ்கிரிப்டுக்குள்ளிருந்து ஓட்டி, ஓட்டும் நிரல் டெர்மினலிலிருந்து கடவுச்சொல் கேட்பது போன்றதாக இருந்தால் அப்படியே உறைந்து நிற்கும். குழு புதிது, ஃபோர்கிரவுண்ட் அல்ல. பேக்கிரவுண்ட் குழு டெர்மினலை வாசிக்க முயன்றால் கெர்னல் சிக்டிடிஐஎன் அனுப்பி நிறுத்திவைக்கும். அதற்கு --ஃபோர்கிரவுண்ட் என்ற விருப்பம் இருக்கிறது. ஆனால் அதைப் போட்டால் நேரம் கடந்ததும் நேரடிப் பிள்ளைக்கு மட்டுமே சிக்னல் போகும், குழுவுக்குப் போகாது.

நிறுத்திவைக்கப்பட்ட புராசஸ்கள் பற்றி ஒன்று. கன்ட்ரோல்-இசட்டாலோ சிக்டிடிஐஎன்னாலோ நின்றிருக்கும் குழுவுக்கு டெர்ம் அனுப்பினால் எதுவும் நடக்காதது போலத் தெரியும். சிக்னல் வந்து காத்திருக்கிறது, புராசஸ் ஓடினால்தான் அதைக் கவனிக்கும். டெர்ம் அனுப்பியதும் தொடர்ந்து சிக்கன்ட்டும் அனுப்புங்கள். சிக்கில் மட்டும் நின்றிருக்கும் புராசஸையும் கொல்லும்.

டெர்ம் முதலில், கில் கடைசியில் என்ற வரிசை வெறும் சம்பிரதாயமல்ல. டெர்ம் வாங்கிய நிரல் தற்காலிகக் கோப்பை அழிக்கலாம், பூட்டை விடுவிக்கலாம், தன் சொந்த பிள்ளைகளுக்குச் சொல்லலாம். சிக்கில் வாங்கியவருக்கு எதுவும் செய்ய வாய்ப்பில்லை. தாய்க்கு மட்டும் -9 அடிப்பதுதான் அநாதைகளை உருவாக்கும் மிகச் சுலபமான வழி. நடைமுறையில்: குழுவுக்கு டெர்ம், பிறகு அரை விநாடிக்கு ஒருமுறை ‘கில் -எஸ் 0 -- -4210’ என்று கேட்டுப் பார்ப்பது, 10 விநாடியில் அடங்காவிட்டால் குழுவுக்கு கில். சிக்னல் 0 எதையும் அனுப்பாது, ஆள் இருக்கிறாரா என்று மட்டும் பார்க்கும். செத்தும் அதன் முடிவைத் தாய் வாங்காததால் சாம்பியாக நிற்கும் புராசஸும் ‘இருக்கிறது’ என்றே பதில் தரும். ஆகவே தாய் உங்கள் நிரலாக இருந்தால் நடுவே வெயிட் செய்து அறுவடை செய்யாமல் இந்தச் சோதனை முடிவே காணாது. பிஎஸ்-இல் பெரிய டி (ஆங்கில இருபதாம் எழுத்து) நிலையில் இருப்பது நின்றிருக்கும் புராசஸைக் குறிக்கும். ஆங்கில நான்காம் எழுத்தான ‘டி’ நிலையில் இருப்பதோ டிஸ்க் அல்லது நெட்வொர்க் கோப்பு முறைக்காகக் கெர்னலுக்குள் காத்திருப்பது. அங்கிருந்து திரும்பும்வரை பெரும்பாலும் சிக்கில்கூட எட்டாது. அதற்கு மருந்து தொங்கும் என்எஃப்எஸ் என்ற நெட்வொர்க் கோப்பு முறையைச் சரிசெய்வதுதான்.

கன்ட்ரோல்-சி-யைப் பிடித்துக் கையாளும் நிரல் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியது: சுத்தம் செய்துவிட்டு எக்ஸிட் 0 அல்லது எக்ஸிட் 1 என்று வெளியேறாதீர்கள். பேஷ் ஸ்கிரிப்டில் ஒரு கட்டளை ஓடும்போது கன்ட்ரோல்-சி வந்தால், பேஷும் சிக்இன்ட் வாங்கும், ஆனால் உடனே சாகாது. பிள்ளை எப்படி முடிந்தது என்று பார்க்கும். பிள்ளை சிக்இன்ட்டால் செத்திருந்தால் தானும் சாகும். சாதாரணமாக வெளியேறியிருந்தால், நிரல் அந்த சிக்னலைத் தன் வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டது என்று எடுத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடும். ஒரு லூப்புக்குள் நூறு கோப்புகளுக்கு அந்த நிரலை ஓட்டினால் நூறு முறை கன்ட்ரோல்-சி அழுத்த வேண்டியிருப்பது இதனால்தான். சுத்தம் முடிந்ததும் சிக்இன்ட்டை இயல்பு நிலைக்குத் திருப்பி, தனக்குத் தானே சிக்இன்ட் அனுப்பிச் சாவதே சரியான முறை. அப்போது ஷெல்லில் 130 தெரியும். சிக்னலால் சாகும் புராசஸுக்கு ஷெல் காட்டும் எண் 128-உடன் சிக்னல் எண்ணைக் கூட்டியது: 137 என்றால் கில், 143 என்றால் டெர்ம்.

டெர்மினல் மூடும்போது நடப்பது சுருக்கமாக. இணைப்பு அறுந்தால் கெர்னல் செஷன் தலைவரான ஷெல்லுக்கு சிக்ஹப் அனுப்பும். பேஷ் அதைத் தன் எல்லா ஜாப் குழுக்களுக்கும் திருப்பி அனுப்பிவிட்டுச் சாகும். நோஹப் என்பது சிக்னல்களில் அந்த ஒன்றை மட்டும் கண்டுகொள்ளாமல் வைப்பது, குழுவும் செஷனும் மாறாது. செட்எஸ்ஐடி செஷனையே மாற்றுகிறது. இதே காரணத்தால் ‘எஸ்எஸ்எச் சர்வர் கட்டளை’ என்று ஓட்டிக் கன்ட்ரோல்-சி அழுத்தினால் இங்குள்ள எஸ்எஸ்எச் மட்டும் சாகிறது. அந்தப் பக்கம் டெர்மினலே இல்லை, சிக்ஹப் அனுப்ப யாருமில்லை. அங்குள்ள நிரல் அறுந்த பைப்பில் எழுத முயலும்வரை ஓடும். -டி (சிறிய, இருபதாம் எழுத்து) கொடுத்தால் அங்கே ஒரு டெர்மினல் கிடைக்கும், கன்ட்ரோல்-சி அந்தப் பக்கத்து ஃபோர்கிரவுண்ட் குழுவுக்கே போகும்.

டாக்கரில் (நிரலைக் கன்டெய்னர் என்ற தனி அடைப்பில் ஓட்டும் கருவி) இன்னொரு படி சேர்கிறது. டாக்கர் ஸ்டாப் கன்டெய்னரின் 1-ஆம் எண் புராசஸுக்கு மட்டும் டெர்ம் அனுப்பி, லினக்ஸ் கன்டெய்னருக்கு இயல்பாக 10 விநாடி காத்திருந்து, பிறகு கில் அனுப்பும். 1-ஆம் எண்ணுக்கு ஒரு சலுகை உண்டு: அது தானாகக் கையாள ஏற்பாடு செய்யாத டெர்ம் அதைக் கொல்லாது. ஸ்டார்ட் ஸ்கிரிப்ட் ஷெல்லாக 1-ஆம் எண்ணில் அமர்ந்து, உண்மையான சர்வர் அதன் பிள்ளையாக ஓடினால், ஷெல் டெர்மைக் கண்டுகொள்ளாது, பிள்ளைக்கும் சொல்லாது. ஒவ்வொரு ஸ்டாப்பும் சரியாக 10 விநாடி எடுத்தால் இதைத்தான் முதலில் பாருங்கள். ஸ்கிரிப்டின் கடைசி வரியில் சர்வரை எக்ஸெக் மூலம் ஓட்டினால் அது ஷெல்லின் இடத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். பல புராசஸ்கள் என்றால் டினி-யை (1-ஆம் எண்ணில் அமரும் சிறு நிரல்) -ஜி விருப்பத்தோடு முன்னால் வையுங்கள், அது பிள்ளையின் குழு முழுவதற்கும் சிக்னலை அனுப்பும்.

கடைசியாக, குழுவின் எல்லை. குழு என்பது பூட்டிய அறை அல்ல, யாரும் வெளியேறலாம். உங்கள் பிள்ளை புராசஸ் தானே செட்எஸ்ஐடி அழைத்தால் அது வேறு குழு, உங்கள் எதிர்மறை எண் அதை எட்டாது. டீமனாக (பின்னணிச் சேவையாக) பின்னால் போகும் நிரல்கள் எல்லாம் செய்வது அதுதான். நம்பிக்கையில்லாத அல்லது பழக்கமில்லாத நிரலை ஓட்டும்போது லினக்ஸில் சிக்ரூப்பை (கன்ட்ரோல் குரூப், புராசஸ்களைக் கெர்னல் கட்டிவைக்கும் தொகுப்பு) நம்புங்கள், அதிலிருந்து சாதாரண புராசஸ் தானாக வெளியேற முடியாது. லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி ஒரு சேவையை நிறுத்தும்போது இயல்பாக அப்படித்தான் செய்கிறது: சேவையின் சிக்ரூப்பில் உள்ள எல்லோருக்கும் டெர்ம், இயல்பாக 90 விநாடி அவகாசம், பிறகு கில். கில்மோட் என்ற அமைப்பை புராசஸ் என்று மாற்றி எழுதியிருந்தால் முதன்மை புராசஸ் மட்டும் அடிபடும், நீங்கள் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்வீர்கள். லினக்ஸ் 5.14 முதல் சிக்ரூப் இரண்டாம் பதிப்பில் சிக்ரூப்.கில் என்ற கோப்பு இருக்கிறது, அதில் 1 என்று எழுதினால் உள்ளே இருக்கும் அத்தனைக்கும் சிக்கில் போகும்.

உங்கள் பேக்கப் ஸ்கிரிப்டைப் பொறுத்தவரை என் பரிந்துரை: கிரானிலிருந்து (நேரம் வைத்து ஓட்டும் கருவி) ஓடினால் டைம்அவுட் -கே 10 போட்டு ஓட்டுங்கள். சேவையாக வைக்க முடிந்தால் சிஸ்டம்டி-யிடம் கொடுத்துவிட்டு கில்மோடைத் தொடாமல் விடுங்கள். கையால் ஓட்டியது இப்போது அநாதையாக ஓடிக்கொண்டிருந்தால், பிஎஸ்-இல் டாரின் பிஜிஐடி-யைப் பாருங்கள். அந்த எண்ணில் வேறு யாரும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, முன்னால் கழித்தல் குறி போட்டு டெர்ம் அனுப்புங்கள். தொலை சர்வரில் பாதியில் நின்ற டார்.ஜிஇசட் கோப்பு கிடக்கும், அதை அழித்துவிட்டு அடுத்த பேக்கப்பைத் தொடங்குங்கள்.